முன்னூத்திப் பதிமூணாவது துண்டு

இந்த சீட்டுல ஆளு இருக்கா தம்பி? பை மட்டுந்தானா. பைக்கு டிக்கெட்டு எடுத்துட்டீங்களா? சும்மா கேட்டேன். மடியில வச்சுக்கங்க. லேப்டாப்பு போல. பச்சப்பிள்ளைய அணைச்ச மாதிரி அணைச்சிருக்கீங்க. நானும் ஒண்ணு வச்சிருக்கேன், எம்பொட்டி கெழடு. தொறந்தா இருமிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கும்.

கண்டக்டரண்ணே, சந்தனமுனை ஒண்ணு. கடேசி ஸ்டாப்புதான? என்னண்ணே அப்டிப் பாக்குறீங்க. எங்கயோ கேட்ட கொரலா இருக்கா? இருக்கும்ணே. சாத்தூரு கோமதி சவுண்ட் சர்வீஸ். கோமதிநாயகம்னு பேரு. இருவத்தஞ்சு வருசமா மைக்கு. திருவிழாவுல பிள்ளை காணாமப் போனா நாந்தான் கூப்புடுவேன். சின்ன வயசுல நீங்க காணாமப் போனீங்களோ என்னமோ.

பாத்தீங்களா தம்பி, நாகர்கோயில் தாண்டியும் நம்ம கொரலுக்கு ஆளு இருக்கு. இந்தாங்க, காராச்சேவு எடுத்துக்கங்க. சாத்தூர்க்காரன் வெறுங்கையோட பஸ் ஏறுனா பஸ்ஸு நகராது. நீங்க எங்க, ராஜாக்கமங்கலமா? அப்ப அரை மணி நேரம் இருக்கு. கம்ப்யூட்டர் படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஒரு வெவகாரம் சொல்றேன், தீர்ப்பு நீங்களே சொல்லுங்க. எம்மேல தப்பா இல்லையான்னு. மூணு தடவ நோட்டீஸ் போட்டேன் தம்பி. அத மொதல்லயே சொல்லிர்றேன். மூணு தடவ.

நம்ம படிப்பு ஒம்பதாவது. ஒம்பதாவத ரெண்டு வருசம் படிச்சேன், நல்லாப் புரியட்டுமேன்னு. அதுக்கப்புறம் வாத்தியாருக்குப் புரிஞ்சிருச்சு, அனுப்பிட்டாரு. அப்புறம் மாமன்கிட்ட மைக்செட்டுக்குப் போனேன். ஒயரு சுத்துறது, மூங்கில்ல ஏறி கொழாய் ஸ்பீக்கர் கட்டுறது, எல்லாம் செஞ்சேன். ஆனா நமக்கு வாயிதான் சொத்து. மைக்கக் குடுத்தா எறங்க மாட்டேன்.

பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி தொண்டை கட்டிருச்சு. டாக்டரு, ஒரு மாசம் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. எம்பொண்டாட்டி பூரணம் அவருக்கு ஒரு தேங்கா பழம் கொண்டு போய்க் குடுத்தா. அப்பத்தான் யோசிச்சேன். திருவிழாவுல எட்டு மணி நேரமும் பேசுறதுல முக்காவாசி அதே பேச்சுதான. செருப்ப இங்க விடாதீங்க, நகையப் பாத்துக்கங்க, சாமி பத்து மணிக்குப் பொறப்படுது. இத ஒரு பொட்டிக்குள்ள போட்டு, நேரத்துக்கு நேரம் அதுவாப் பேசுனா என்ன? செல்லுல வீடியோ பாத்துப் பாத்துத்தான் தம்பி புரோகிராம் எழுதப் பழகுனேன். இங்கிலீசு தெரியாது. அதுல மொத்தமே முப்பது முப்பத்தஞ்சு இங்கிலீசு வார்த்தைதான இருக்கு. இஃப்பு, எல்ஸு, வொயிலு. எம்பொண்டாட்டி போடுற கண்டிசன் அதவிட ஜாஸ்தி.

பேரு கூவின்னு வச்சேன். எங்கொரலத் துண்டு துண்டாப் பதிஞ்சு வச்சிருப்பேன். ஒண்ணு, ரெண்டு, பத்து, காலை, சாயங்காலம், இப்டி. என்ன சொல்லணும்னு நீங்க எழுதிப் போட்டா அது துண்ட எடுத்து மாலை கட்டுற மாதிரி கட்டிப் பேசும். எழுதி முடிச்சு அத நெட்டுல ஓப்பன் சோர்ஸா போட்டுட்டேன். யாரும் எடுத்துக்கலாம், யாரும் திருத்தலாம், காசு கெடையாது. தண்ணிப் பந்தல்தான் தம்பி அது. என்ன ஒண்ணு, ஓசித் தண்ணியக் குடிச்சுப்புட்டு, ஏன் பானையில வெட்டிவேர் போடலன்னு கேப்பாங்க. பால் சொசைட்டியில எடுத்தாங்க, ஒரு ரைஸ்மில்லுல எடுத்தாங்க, பள்ளிக்கூடத்துல எடுத்தாங்க. எடுத்தவங்கள்ல ஒருத்தர்தான் இந்த சந்தனமுனை ஜெசிந்தா டீச்சரு.

முன் சீட்டுல அந்த அம்மா எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்குது? மீன் சட்டி வச்சிருக்கே, அந்தம்மா. சத்தம் போட்டுப் பேசுறேனோ? என்ன செய்ய, மைக்கு இல்லாமயே பழகிப்போச்சு.

ஜெசிந்தா டீச்சருன்னா பள்ளிக்கூட டீச்சரு இல்ல. மாதா கோயில்ல தையல் சொல்லிக் குடுக்குறவங்க, கோயில் கம்ப்யூட்டரும் அவங்க கையிலதான். நேருல பாத்ததில்ல. எழுத்துதான். "அண்ணே, எங்க ஊருல செல்லுல காத்துச் செய்தி வருது, கிலோமீட்டர்ல வருது, இங்கிலீசுல வருது, வயசானவங்களுக்குப் புரிய மாட்டேங்குது. கோபுரத்துல கொழாய் இருக்கு. உங்க கூவி தெனமும் எங்க பாசையில காத்து சொல்லுமா?"ன்னு எழுதிருந்தாங்க.

நமக்குக் கடல் எங்க தெரியும். எங்க ஊருல காத்துன்னா ஒண்ணே ஒண்ணுதான், தீப்பெட்டி உரச விடாத காத்து. டீச்சருதான் சொல்லிக் குடுத்தாங்க. மேக்க இருந்து அடிச்சா கச்சான். தெக்க இருந்து அடிச்சா சோழவம். கெழக்க இருந்து வந்தா கொண்டலு. வடக்கன்னா வாடை. ஒவ்வொண்ணையும் நாங் கொரல்ல பதிஞ்சேன். கம்மி, மத்திபம், பலம், ரொம்பப் பலம், கடலுக்குப் போகாதீங்க. நெட்டுல ஒரு எடத்துல காத்து வெவரம் தருவாங்க, கூவி அங்க போயித் தட்டி, வாங்கிட்டு வந்து, சாயங்காலம் நாலரைக்கு கோபுரத்துல சொல்லும். அதக் கேட்டுட்டுத்தான் வலைய ஏத்துவாங்களாம். மொத்தம் முன்னூத்திப் பன்னெண்டு துண்டு. அதுல ஒரு துண்டு நானா சேத்தது. காத்து கம்மியா இருக்குற அன்னிக்கி மட்டும், கடேசில ஒரு குஷாலு. அது ஊரு பூரா பிரபலமாயிருச்சுன்னு டீச்சரே எழுதுனாங்க. பிள்ளைக விளையாடயில அதத்தான் சொல்லுதுகளாம். தம்பி, எனக்குன்னு எம்புட்டோ மாலை போட்டிருக்காங்க, பொன்னாடை போத்திருக்காங்க, ஆனா அன்னிக்கி ராத்திரி நான் சாப்புடல. வயிறு நெறஞ்சுபோச்சு.

ஆறு வருசம் ஓடுச்சு. ஒரு கொறை இல்ல.

இப்ப வெவகாரத்துக்கு வாறேன். ரன்டைமுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு பெரியவரு காத நீட்டிக்கிட்டு இருக்காரு, அவருக்காகச் சொல்றேன். அய்யா, நான் எழுதுற புரோகிராமு பாட்டுன்னு வச்சுக்கங்க. பாட்டு தானாப் பாடுமா? ஆம்ப்ளிஃபயர் வேணும்ல. அதான் ரன்டைமு. அதுல பழசு உண்டு, புதுசு உண்டு. புதுசுல புதுசு புதுசா திருகு வச்சிருப்பான். எழுதுறவனுக்கு அதத் திருகப் பாத்தா கை அரிக்கும். ஆனா திருகுனா பழைய ஆம்ப்ளிஃபயர்ல நம்ம பாட்டு கேக்காது. பழசுலயும் கேக்கணும், புதுசுலயும் கேக்கணும்னா, ஒவ்வொரு தடவையும் எல்லா ஆம்ப்ளிஃபயரையும் எறக்கி, எல்லாத்துலயும் போட்டுப் பாக்கணும். யாரு செய்யிறது? ஓசிப் பந்தலுக்கு நாலு பானை வச்சு நாலையும் தெனம் கழுவுறதா?

பெங்களூர்ல பிரணேஷுன்னு ஒரு பையன். கூவில அவனும் எங்கூட எழுதுவான். தங்கமான பையன், இங்கிலீசு பூரா அவந்தான். அவன் சொன்னான், "அண்ணே, உலகமே பழைய ரன்டைம விட்ருச்சு. நாம மட்டும் எதுக்குக் கெழவனத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு அலையணும். புதுசுக்குப் போயிருவோம். எழுத்து பாதியாக் கொறையும்." நியாயந்தான தம்பி? நீங்க சொல்லுங்க, நியாயந்தான?

தலையாட்டுறீங்க. ஆங். நானும் அப்டித்தான் ஆட்டுனேன்.

நோட்டீஸ் போட்டோம். ஆறு மாசம் முன்னாடி ஒண்ணு, மூணு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு. மொதப் பக்கத்துலயே செவப்பு எழுத்துல. என்ன எழுதிருந்துச்சா? இங்கிலீசுல தம்பி. பிரணேஷுதான் எழுதுனான். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா செவப்பு தெரியும்ல. அதுபோக, பழைய ரன்டைம்ல ஓடுற ஒவ்வொரு பொட்டியிலயும் கூவி தொறக்கையில திரையில ஒரு எச்சரிக்கை வர்ற மாதிரி வேற செஞ்சோம். அதுக்கு மேல மனுசன் என்ன செய்வான். வீடு வீடாத் தமுக்கா அடிக்க முடியும்?

ஜெசிந்தா டீச்சரு எழுதுனாங்க. எல்லாரும் பாக்குற பொதுப் பக்கத்துலதான். "அண்ணே, எங்க கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. புது ரன்டைம ஏத்திப் பாத்தோம், ஏற மாட்டேங்குது. உப்புக் காத்துக்கு வேற பொட்டி தாங்காது, இது எப்டியோ தாங்கிக்கிட்டுக் கெடக்கு. ஒரு வருசம் மட்டும் பழசையும் சேத்துப் பாத்துக்கிடுங்க. அதுக்குள்ள கோயில்ல சொல்லி வேற ஏற்பாடு பண்ணிர்றோம்."

ஒரு வருசம்தான் கேட்டாங்க.

நம்ம வாயி சும்மா இருக்குமா. நான் எழுதுனேன், "டீச்சரு, அந்தப் பொட்டியப் பேரீச்சம்பழக்காரன்கிட்டப் போட்ருங்க. பழத்தத் தின்னுக்கிட்டே கடலப் பாருங்க. பொட்டிய விட பழம் சத்து."

தம்பி, சொன்னா நம்ப மாட்டீங்க, இருவத்தி மூணு பேரு அதுக்குக் கீழ சிரிக்கிற மூஞ்சி போட்டாங்க. எங்கூவி சரித்திரத்துலயே எதுக்கும் அம்புட்டு விழுந்ததில்ல. பூரணத்தக் கூப்புட்டுக் காட்டுனேன். அவ படிச்சுட்டு, "அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு?"ன்னா. "சோலி இல்ல ஒனக்கு"ன்னேன்.

டீச்சரு பதில் எழுதுனாங்க. "சரி"ன்னு.

அம்புட்டுத்தான். சரின்னு மட்டும். கோவமா எழுதிருந்தா நானும் ரெண்டு எழுதிருப்பேன். அழுதிருந்தா மனசு எளகிருப்பேன். சரின்னா என்ன தம்பி அர்த்தம்? நான் சரின்னுதான் எடுத்துக்கிட்டேன்.

என்ன, பாட்ட நிப்பாட்டிட்டாரு டிரைவரு. நல்ல மனுசன். நாம பேசுறதுக்குத் தோதா இருக்கும்னு நெனச்சிருப்பாரு.

பழசு விட்டாச்சு. புதுக் கூவி வந்துச்சு. மொதப் பக்கம் பளபளன்னு ஆயிருச்சு. பழைய கூவியும் செத்துப் போகல தம்பி, அத வச்சிருந்தவங்க பொட்டியில அது பாட்டுக்கு ஓடும். நாங்க பாத்துக்கிட மாட்டோம், அம்புட்டுத்தான். டீச்சரு பொட்டியிலயும் ஓடுச்சு. ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்பத்தான் அந்தக் காத்து வெவரம் குடுக்குறாங்கள்ல, அவங்க வாசல்ல பூட்ட மாத்துனாங்க. பாதுகாப்புக்கு. எல்லாருந்தான் மாத்துறாங்க. புதுக் கூவிக்குப் புதுச் சாவி குடுத்தோம். பழைய கூவிக்கு யாரு குடுப்பா? பழைய ரன்டைம்ல அந்தச் சாவி நொழையவே நொழையாது.

கூவி அங்க போயித் தட்டுச்சுன்னா எனக்கும் ஒரு கணக்கு வரும். யாரு, எந்தூருன்னு வராது. எந்த ரன்டைமு, எத்தன மணின்னு மட்டும் வரும். பழசுல எல்லாரும் போயிட்டாங்க, ஒரே ஒரு பொட்டி மட்டும் தெனமும் நாலரைக்கு வந்து ஒரு தட்டு. உள்ள விடாம திருப்பி அனுப்பிருவாங்க. மறுநாளு நாலரைக்கு மறுபடி ஒரு தட்டு. பிரணேஷு அதுக்குப் பேயின்னு பேரு வச்சான். "அண்ணே, பேய் வந்துட்டுப் போயிருச்சு"ன்னு தெனமும் எழுதுவான். நானும், "அதுக்கு ஒரு டீ சொல்லு"ன்னு எழுதுவேன்.

யாருன்னு நாங்க கேட்டுப் பாக்கல.

தம்பி, ராஜாக்கமங்கலம் வந்துருச்சே. எறங்கலையா? இல்ல, உங்க ஸ்டாப்புன்னு சொன்னீங்களே. சரி, இருங்க. அடுத்ததுல எறங்கிக்கிடுவீங்க போல.

இப்ப ஒரு தொழில் ரகசியம் சொல்லணும். மைக்செட்காரனுக்கு எமன் யாரு தெரியுமா? மௌனம். கொழாய் கட்டிட்டு ரெண்டு நிமிசம் சத்தம் வரலன்னா விழாக்குழு வந்து சட்டையப் பிடிக்கும். "காசு வாங்கல? என்னய்யா புடுங்குறே?" மாமன் எனக்குச் சொல்லிக் குடுத்த மொதப் பாடமே அதுதான். பேச்சாளர் வரலையா, பழைய பாட்டப் போடு. பாட்டு சிக்கிருச்சா, ஹலோ மைக் டெஸ்டிங்னு சொல்லு. ஆனா கொழாய சும்மா மட்டும் விட்றாத. கூவி எழுதுன மொத வாரத்துலயே அதையும் எழுதிட்டேன். புதுச் செய்தி கெடைக்கலன்னா, கடேசியாக் கெடச்ச செய்தியத் திருப்பிச் சொல்லு. சும்மா இருக்காத. ரெண்டே வரி. எனக்கு ரொம்பப் பெருமையான ரெண்டு வரி.

புரிஞ்சிருச்சு உங்களுக்கு. மூஞ்சி மாறுது.

கடேசியாக் கெடச்ச செய்தி, கச்சான், கம்மி. பதினோரு நாளு அதையே சொல்லிருக்கு. அந்த மாசத்துல காத்து அப்டித்தான் கெடக்குமாம், தெனமும் ஒரே மாதிரிதான் சொல்லுமாம், அதனால யாருக்கும் வித்தியாசம் தெரியல. நல்ல செய்தி திரும்பத் திரும்ப வந்தா யாரு சந்தேகப்படுவா? திரையில எச்சரிக்கை போட்டோம்ல? போட்டோம். தெனமும் வந்திருக்கு. ஆனா கோபுரத்து மேல அந்தப் பொட்டிக்குத் திரையே கெடையாதாம் தம்பி. திரை கெட்டு அப்பவே மூணு வருசமாம், ஏதாச்சும் ஏத்தணும்னா மட்டும் எரவல் திரை மாட்டுவாங்களாம். ஒயரு ஆம்ப்ளிஃபயருக்குப் போகுது, அம்புட்டுத்தான். இல்லாத திரையில தெனமும் நாலரைக்கு என் நோட்டீசு வந்திருக்கு.

பன்னெண்டாவது நாளும் நாலரைக்குச் சொல்லுச்சு. எப்டிச் சொல்லும்னா, நம்ம மைக்குக் கொரலு இப்டி வரும் பாருங்க: "அன்பார்ந்த சந்தனமுனை மக்களே. இன்று கச்சான் காத்து. கம்மி. கெளம்புங்க மக்கா..."

யாரு அது? பின்னாடி யாரு சொன்னது?

அந்தப் பாப்பாவா? ரெட்டைச் சடை போட்டிருக்கே, அதுவா? அது எப்டித் தம்பி மிச்சத்தச் சொல்லுது. "மீனு காத்துக் கெடக்கு"ன்னு. நான் சொல்லி முடிக்கவே இல்லையே. அதுதான் நான் சேத்த குஷாலு. அந்தத் துண்டு கூவியத் தவிர வேற எங்கயும் கெடையாது.

அவங்கம்மா எதுக்குப் பிள்ளை வாயப் பொத்துறாங்க.

சத்தத்தக் கொறச்சுக்கிறேன்.

இல்ல தம்பி. சொல்லி முடிச்சிர்றேன். ஆரம்பிச்சத நிப்பாட்டத் தெரியாது எனக்கு. ஒம்பது வள்ளம் போயிருக்கு. ராவோட ராவா காத்து பெரண்டு, அப்டி ஒரு அடியாம். எட்டு வள்ளம் எப்டியோ வந்து சேந்துருச்சு. ஒண்ணுல இருந்தவரு வரல. வறுவேலுன்னு பேரு. நாப்பத்தி நாலு வயசு. அன்னிக்கிக் கூட வர வேண்டிய ஆளு வரலயாம், காத்துதான் கம்மின்னு தனியாப் போயிருக்காரு. கடல்ல போறவங்களுக்கு வானம் பாக்கத் தெரியாதா? தெரியும்ல? அவரும் பாத்திருக்கணும்ல? எல்லாரு செல்லுலயும் செய்தி வந்துச்சுல்ல? நானே எனக்குச் சொல்லிக்கிறதுதான் இது. ரெண்டு வருசமாச் சொல்றேன். மூணு தடவ நோட்டீஸ் போட்டேன்னும் சொல்றேன். நல்லாத்தான் சொல்றேன், மைக்குல சொல்ற மாதிரி. கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு.

டீச்சரு எழுதிச் சொன்னாங்க. இந்தத் தடவ பொதுப் பக்கத்துல எழுதல, எனக்கு மட்டும். என்னையத் திட்டல. "அண்ணே, நீங்க கெளம்புங்கன்னு சொன்னீங்க, அவரு கெளம்பிட்டாரு"ன்னு மட்டும் இருந்துச்சு. அதுக்குக் கீழ, ஆம்ப்ளிஃபயர அணைச்சுட்டோம், கம்ப்யூட்டர அணைக்கலன்னு இருந்துச்சு. பழைய பொட்டி, ஒரு தடவ அணைச்சா திரும்ப எந்திரிக்காதுன்னு பயம். அதனால அது பாட்டுக்கு ஓடுது. கோபுரத்து ரூம்ப அடைச்சுப் போட்டிருக்கு. உள்ளுக்குள்ள நீங்க பேசிக்கிட்டேதான் இருக்கீங்கன்னு எழுதிருந்தாங்க.

நெனச்சுப் பாருங்க தம்பி. இப்ப மணி என்ன? நாலே கால். இன்னும் பதினஞ்சு நிமிசத்துல அந்த ரூம்புக்குள்ள, ஆளு இல்லாம, கொழாய் இல்லாம, ஒயருக்குள்ள நான் பேசுவேன். கம்மி, கெளம்புங்கன்னு. ரெண்டு வருசமா நான் எங்க இருந்தாலும் நாலரையானா அந்த ரூம்பு ஞாபகந்தான். கல்யாண வீட்டுல மைக்கப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், நாலரையாகும், பேச்சு நின்னுரும். பூரணம் வந்து மைக்க வாங்கி ஒரு பாட்டப் போட்டு விடுவா.

பிரணேஷுகிட்டச் சொன்னேன், பழைய ரன்டைமுக்கும் திரும்பப் பாக்கணும்டான்னு. "அண்ணே, நம்ம தப்பு ஒண்ணும் இல்லண்ணே, லைசென்ஸுலயே எழுதியிருக்கு, எதுக்கும் நாங்க பொறுப்பில்லன்னு"ன்னான். பாவம் பையன், எனக்காகத்தான் சொன்னான். அப்புறம் வேற வேலைன்னு போயிட்டான். நானே உக்காந்தேன். பேரீச்சம்பழக்காரன்கிட்ட போயி, ஆமா தம்பி, அவன்கிட்டத்தான் போனேன், டீச்சரு பொட்டி மாதிரியே ஒரு பழைய பொட்டிய வாங்கிட்டு வந்து, வீட்டுல வச்சு, பழைய ரன்டைமுக்குன்னே எழுதுனேன். புதுப் பூட்டுக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர்ல சாவி செய்யிறது லேசில்ல. எட்டு மாசம் ஆச்சு. செஞ்சுட்டேன். ஒலகத்துல ஒரே ஒரு பொட்டிக்காக எழுதுன புரோகிராமு இது. இந்தப் பென்டிரைவுல இருக்கு. அது நெட்டு வழியா ஏறாது, கையாலதான் ஏத்தணும்.

கொரியர்ல அனுப்பிருக்கலாம்லன்னு கேக்குறீங்க. பூரணமும் கேட்டா. ஒரு துண்டு பாக்கி இருக்கு தம்பி.

டீச்சரு கடேசியா எழுதுனது அதுதான். "அண்ணே, நீங்க முன்னூத்திப் பன்னெண்டு துண்டு குடுத்தீங்க. அதுல தெரியலங்கிற வார்த்தை இல்ல. செய்தி கெடைக்காத அன்னிக்கி கூவி தெரியலன்னு சொல்லட்டும். சும்மா இருந்தா மெசினு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அவங்க அவங்க இஷ்டத்துக்குப் போயிருவாங்க. தெரியலன்னு சொன்னா நிப்பாங்க. வேற கொரல்ல வேண்டாம். கெளம்புங்கன்னு சொன்ன கொரலே சொல்லட்டும்."

ஒரே ஒரு வார்த்தை. பதியலாம்னு உக்காந்தேன். தெரியல. சொல்லிட்டுப் போட்டுக் கேட்டா, தம்பி, வெள்ளிக்கிழமை லாட்டரி விக்கிறவன் மாதிரி இருக்கு. மறுபடி சொன்னேன். எறங்குன கொரல்ல சொன்னேன், நாடகத்துல சாகப் போறவன் மாதிரி இருக்கு. நாப்பத்தோரு தடவ பதிஞ்சிருக்கேன். பூரணம் எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீ சொல்றதக் கேட்டா, தெரிஞ்சுக்கிட்டே தெரியலங்கிற மாதிரியே இருக்கு"ன்னுட்டா. இருவத்தஞ்சு வருசம் மைக்கப் பிடிச்சவன், ஒரு தடவ கூடத் தெரியலன்னு மைக்குல சொன்னதில்ல. காணாமப் போன பிள்ளை எங்க இருக்குன்னு தெரியாட்டியும், மேடைக்குப் பக்கத்துல பத்திரமா இருக்குன்னுதான் சொல்லுவேன். பெத்தவ அழக் கூடாதுல்ல.

அதான் நேர்ல போயி, அந்த ரூம்புல நின்னு பேசிப் பாக்கலாம்னு கெளம்பிட்டேன். டீச்சருகிட்ட வர்றேன்னு சொல்லல. சொன்னா சரின்னுருவாங்க. அத இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது. ஊருக்குள்ள யாருக்கும் என்னையத் தெரியாது, மூஞ்சியப் பாத்ததில்ல. சத்தமில்லாமப் போயிட்டு சத்தமில்லாம வந்துரலாம். அதுதான் தம்பி திட்டம்.

என்ன எல்லாரும் இப்டிப் பாக்குறாங்க.

நெசமாத்தான் கேக்குறேன். பஸ்ஸுல ஏன் சத்தத்தையே காணோம். அந்தப் பெரியவரு ஏன் எந்திரிச்சு நிக்கிறாரு. தம்பி, நீங்களும் எறங்காம... நீங்களுமா? நீங்களும் அந்த ஊருதானா? ராஜாக்கமங்கலத்துல இருந்த சோலிய விட்டுட்டா உக்காந்திருக்கீங்க?

ஏன் தம்பி மொதல்லயே சொல்லல.

கண்டக்டரண்ணே, கேட்ட கொரலுன்னு பாத்தீங்களே, அது இந்தக் கோபுரத்துலயா.

நான் எறங்கிக்கிறேன். இங்கனயே எறங்கிக்கிறேண்ணே, நிப்பாட்டுங்க. இது என்ன வாடை, கடலா? வந்துருச்சா. அந்தா தெரியுதே, அதுதான் கோபுரமா.

என்னம்மா? என்கிட்டயா? சட்டிய எறக்கி வச்சுட்டுப் பேசுங்கம்மா. நீங்க... வேண்டாம், யாருன்னு சொல்ல வேண்டாம். நான் கேக்கல.

என்ன கேக்குறீங்க. இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, காது அடைச்சிருச்சு.

"மக்ளே, இண்ணைக்குக் காத்து எப்பிடி?"ன்னா கேட்டீங்க.

...

தெரியலம்மா.